சும்மா கொடுக்காத வீடு

தோம்னிகா வீட்டில் தண்ணீர் கேட்டால் கிடைக்கும். ஆனால் குவளையைக் கையில் வாங்குமுன் நீங்கள் ஏதாவது கொடுத்தாக வேண்டும். ஒரு தீக்குச்சி போதும். ஒரு முட்டை, ஒரு குண்டூசி, வரும் வழியில் வேலியோரம் பறித்த ஒரு கொத்துக் கீரை, எதுவானாலும் சரி, வெறுங்கை மட்டும் ஆகாது. ஒரு ஆகஸ்டு மாதம் தபால்காரர் வெயில் தாங்காமல் அவள் வீட்டு வெளிக்கதவில் சரிந்து விழுந்தார். தோம்னிகா ஓடி வந்தாள், பதறினாள், தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். ஆனாலும் அவர் பையிலிருந்து ஒரு ரப்பர் பேண்டை உருவித் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்ட பிறகுதான் அவர் வாயில் தண்ணீரை ஊற்றினாள்.

எச்சில் கையால் காக்கா ஓட்டாதவள் என்று ஊர் பேசாமல் இருக்குமா? பேசியது. ஆனால் பேசிய அதே வாய்கள் கல்யாணம், ஞானஸ்நானம் என்றால் அவளைத் தேடித்தான் போகும். ருமேனியாவில் ஜியூ ஆற்றுக்கு மேலே இருக்கும் அந்தக் குன்றுகளில், ஏழெட்டு ஊர் சேர்த்துத் தேடினாலும் அவள் கைக்கு ஈடு கிடையாது. உப்பில் மட்டும் கொஞ்சம் தாராளம். கல்யாணமான புதிதில் அவள் புருஷன் பந்தேலிமோன் சாப்பிட்டு முடித்ததும் கூஜாத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு, "உப்புக் கைடி உனக்கு. ஆட்டுக்கு உப்பு நக்கக் குடுக்கற மந்தைக்காரனுக்கு வாக்கப்பட வேண்டியவ, தப்பி எங்கிட்ட வந்துட்ட" என்பான். அதைக் கேட்டுவிட்டு மறுநாள் இன்னும் ஒரு சிட்டிகை கூடப் போடுவாள்.

பதினோரு வருஷம் இருவரும் அப்படி வாழ்ந்தார்கள். பிள்ளை இல்லை. அந்தக் குறையை ஒருவர்மேல் ஒருவர் போட்டுக்கொண்டதும் இல்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் ஆள் குறைத்தபோது பந்தேவுக்கும் வேலை போனது. பந்தே என்றுதான் ஊரே அவனைக் கூப்பிடும். பக்கத்து வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்த அவன் தங்கை வெட்டாவின் புருஷன் இலாரியே, இத்தாலியில் தக்காளி பறிக்க ஆள் எடுக்கிறார்கள், பேப்பர் கீப்பர் எதுவும் வேண்டாம், எல்லை தாண்டிவிட ஆள் இருக்கிறது என்றான். பிளம் பழமெல்லாம் பறித்து முடித்த கையோடு இருவரும் கிளம்பினார்கள்.

கிளம்புவதற்கு முன்னால் பந்தேயின் பழுப்புக் கோட்டில் ஒரு பொத்தான் ஆடிக்கொண்டிருந்தது. மாட்டுக் கொம்பில் செய்த பொத்தான், ஐந்தில் நடுவில் இருப்பது. வீட்டில் கறுப்பு நூல் தீர்ந்திருந்தது. தோம்னிகா சிவப்பு நூலைக் கோத்து, இறுக்கித் தைத்தாள்.

"ஐயே, செவப்பு நூலா? இத்தாலிக்காரன் சிரிப்பான்டி."

"சிரிக்கட்டும். அதப் பாக்கறப்பல்லாம் என் நெனப்பு வரும்ல?"

"ஒன் நெனப்பு வர்றதுக்குப் பொத்தான் எதுக்கு? அதான் நாக்குல உப்பு இருக்கே."

அதுதான் அவர்கள் கடைசியாகச் சிரித்த சிரிப்பு.

எட்டு மாதம் கழித்து இலாரியே மட்டும் திரும்பி வந்தான். தோம்னிகாவின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான். "எல்லையில ஒரு ஆறுக்கா. விடியறதுக்கு முன்னாடி எறங்கினோம். ஒரே பனி. எனக்கு முன்னாடிதான் போனான். அவன் மூச்சு வாங்குறது கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் கேக்கல." அவ்வளவுதான். கூப்பிட்டானா, தேடினானா என்று அவனும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு குடியே கதியென்று கிடந்து, நாலு வருஷத்துக்கு முன்னால் இலாரியேயும் போய்ச் சேர்ந்தான்.

இப்போது தண்ணீருக்குத் தீக்குச்சி வாங்கும் கதைக்கு வருகிறேன். அந்தக் குன்றுகளில் செத்தவர்கள் பட்டினி கிடக்கக் கூடாது. அவர்களுக்குச் சோறு போகும் வழி ஒன்றே ஒன்றுதான், உயிரோடு இருக்கும் ஒரு மனிதனின் வாய். செத்தவர் பேரைச் சொல்லி, ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, கிண்ணத்தையும் ரொட்டியையும் இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் "போக்தாப்ரோஸ்தே" என்பார். கடவுள் அவரை மன்னிக்கட்டும் என்று அதற்கு அர்த்தம். இவர் இங்கே சாப்பிட, அவருக்கு அங்கே வயிறு நிறையும். பொமானா என்பது அதற்குப் பேர். பெண்டாட்டி இருந்தால் பெண்டாட்டிதான் போட வேண்டும், வேறு யார் போட்டாலும் சேராது. விற்ற சோறும் சேராது. பதிலுக்கு ஒரு துரும்பு வாங்கினாலும் அது விற்றதுதான். சும்மா கொடுத்த சோறோ, பேர் சொல்லாமல் கொடுத்தாலும், அந்த வீட்டிலிருந்து போனவன் எவனோ அவனைத் தேடிப் போய்விடும்.

அங்கேதான் தோம்னிகாவுக்குப் பயம். உயிரோடு இருக்கிறவனுக்குச் செத்தவர்களுக்கான சோற்றைப் போட்டால், அவன் எந்தச் சீமையில் இருந்தாலும் அங்கேயே உருகிச் செத்துப்போவான் என்பார்கள். பந்தே செத்ததை யார் பார்த்தது? ஆற்றில் அடித்துப் போய் எங்கேயோ கரையேறியிருக்கலாம். ஜெயிலில் கிடக்கலாம். இன்னொருத்தியோடு குடித்தனம்கூட நடத்தலாம், நடத்தட்டும், நாசமாய்ப் போனவன், உயிரோடு இருந்தால் போதும். தன் கையால் ஒரு கவளம் சும்மா கொடுத்து அவனைக் கொன்றுவிடக் கூடாது. பதினேழு வருஷமாக அவள் அந்த ஒரு காரியத்தைத்தான் கண்ணும் கருத்துமாகச் செய்து வந்தாள். யாரிடமும் விளக்கம் சொன்னதில்லை. கஞ்சம் என்ற பேர் அவளுக்கு வசதியாகவே இருந்தது.

வெட்டாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு வருஷம் ஒருமுறையாவது அழுவாள்.

"அண்ணி, கனவுல வர்றான். ஒங்க கேட்டுக்கு வெளியதான் நிக்கறான். சாப்டியாண்ணான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறான்."

"என் கனவுல வரலியே."

"நீங்கதான் எல்லாத்தையும் சாத்தி வச்சிருக்கீங்களே! எங்க வழியா வருவான்? பாதிரியார்கிட்டப் பேரக் குடுங்கண்ணி. ஒரு கிண்ணம், ஒரே ஒரு கிண்ணம்."

"பொணத்தப் பாத்தியா நீ? ஒம்புருஷன் பாத்தானா? பாக்காத சாவுக்கு நான் சோறு போட மாட்டேன். போ, அடுப்புல பால் பொங்குது பாரு."

வெட்டா மூக்கைச் சிந்திக்கொண்டே போவாள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் தோம்னிகா வெளிக்கதவை ஒருமுறை பார்ப்பாள். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் பார்ப்பாள்.

ஏனென்றால் பன்னிரண்டு மணிக்கு அந்தக் கதவின் இரும்புத் தாழ் எழும்பும். பந்தே போன மறு வருஷம் ஆரம்பித்தது அது. பட்டப்பகலில், தெருவில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போது, டக் என்று ஒரு சத்தம், தாழ் எழும்பும். உடனே டொக் என்று ஒரு சத்தம், தாழ் விழும். கதவு திறக்காது. தினமும் இல்லை, அவள் அடுப்பில் ஏதாவது கொதிக்கிற நாட்களில் மட்டும். முதல் தடவை வாசலுக்கு ஓடினாள். யாரும் இல்லை. உர்சு என்ற அவர்கள் நாய் மட்டும் கதவுக்கு முன்னால் வாலை ஆட்டிக்கொண்டு, தொண்டைக்குள் முனகிக்கொண்டு நின்றது. நாய் பழக்கதோஷம், தாழ் காற்று என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

உர்சு செத்துப்போனது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு குட்டி வாங்கி வந்து அதற்கும் உர்சு என்றே பேர் வைத்தாள். பந்தேயைக் கண்ணால் கண்டிராத குட்டி அது. வந்த மூன்றாம் நாள் மத்தியானம் தாழ் எழும்பியதும் குடுகுடுவென்று ஓடி, கதவின் கீழ்ச் சந்தருகே மல்லாந்து படுத்து, நாலு காலையும் தூக்கிக்கொண்டு வயிற்றைக் காட்டியது. காற்று துளிகூட இல்லை. குட்டியின் வயிற்று மயிர் ஒரு பக்கமாகப் படிந்தது, எழுந்தது, மறுபடி படிந்தது. தோம்னிகா கையிலிருந்த கரண்டியோடு அப்படியே உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள்.

அந்த வருஷம்தான் உப்பும் போனது. விற்பதற்குச் செய்யும் சாப்பாட்டில் எல்லாம் சரியாக இருக்கும், வாங்கியவர்கள் நாக்கைச் சப்புக்கொட்டிச் சாப்பிடுவார்கள். தனக்கென்று கிண்ணத்தில் எடுத்து வைத்ததில் மட்டும் உப்பு இருக்காது. போடுவாள், கிளறுவாள், ருசி பார்ப்பாள், சப்பென்று இருக்கும். மறுபடி போடுவாள். மூன்றாவது கைப்பிடி போட்டாலும் வெந்நீரில் ஊறிய ரொட்டி மாதிரிதான் இருக்கும். டவுன் டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, வயசு என்றார். அப்போது அவளுக்கு நாற்பது.

ரெமுஸ் வந்தது அதற்குப் பிறகு. பழைய வேன் ஒன்றை வைத்துக்கொண்டு வெளிநாட்டுக்காரர்களை ஏற்றி ஊர் ஊராகச் சுற்றுகிறவன். அவனுடைய ஆட்கள் கோயிலையும் கோட்டையையும் பார்க்க வருகிறவர்கள் இல்லை, ஐரோப்பாவை நாக்காலேயே பார்த்து முடித்துவிடுவது என்று கிளம்பியவர்கள். நேற்று செர்பியாவில் என்ன தின்றோம், நாளைக்கு ஹங்கேரியில் என்ன குடிப்போம் என்பதுதான் அவர்கள் பேச்சு. ஏதோ கல்யாணத்தில் தோம்னிகாவின் கைமணத்தைக் கண்டுகொண்ட ரெமுஸ் மறுநாளே வந்து நின்றான்.

"அக்கா, மத்தியானச் சாப்பாடு மட்டும். காசு முன்கூட்டியே குடுத்துடுவேன். ஒங்களப் பத்திதான் ஊரே சொல்லுதே, காசில்லாம கையகூட அசைக்க மாட்டீங்களாமே!"

"வாய மூடிட்டு எத்தன பேர்னு சொல்லு."

காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர்கள். தோம்னிகாவுக்கு அதைவிட நிம்மதி என்ன வேண்டும்? ஆறு வருஷமாக வெயில் காலம் முழுக்க வாரம் இரண்டு வேன். பிளம் மரத்தடியில் நீள மேசை. தவிட்டைப் புளிக்கவைத்து ஊற்றிய பீன்ஸ் சாறு, புகைபோட்ட பன்றிக்கறி வைத்துச் சுருட்டிய முட்டைகோஸ் இலை, பலகையில் கொட்டி நூலால் அறுத்த மக்காச்சோளக் களி, ஆட்டுப் பாலாடைக்கட்டி, அவளே காய்ச்சிய பிளம் சாராயம். நூலால் களியை அறுப்பதைப் பார்த்து எல்லா நாட்டுக்காரர்களும் கைதட்டுவார்கள். அவளும் அந்த இடத்தில் கொஞ்சம் அலட்டிக்கொள்வாள்.

ஒரே ஒருமுறை ரகளையானது. ரெமுஸ் பேச்சுவாக்கில், இங்கே சாராயம் குடிக்குமுன் செத்தவர்களுக்காக முதல் சொட்டைத் தரையில் ஊற்றுவார்கள் என்று சொல்லித்தொலைத்தான். உடனே ஒரு பிரெஞ்சுக்காரர் உற்சாகமாகக் குப்பியைச் சாய்த்தார். தோம்னிகா பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். மனிதர் வெலவெலத்துப்போனார்.

"என் மண்ணுல ஊத்தக் கூடாதுன்னு சொல்லு! வேணும்னா ரோட்டுல போயி ஊத்தட்டும்!"

"ஏங்க்கா, ஒரு சொட்டுக்கா இந்தப் பாடு?" என்றான் ரெமுஸ். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

இன்னொன்றும் உண்டு. வருஷத்துக்கு ஒருவராவது, சாப்பாட்டுக்கு நடுவே வெளிக்கதவுப் பக்கம் பார்த்து ரெமுஸிடம் ஏதோ கேட்பார்கள். ரெமுஸ் எண்ணிப் பார்த்து, எல்லாரும் உட்கார்ந்தாயிற்றே என்பான். "இன்னொருத்தர் வெளிய நிக்கறாராம்க்கா, அவர் சாப்பிடலியான்னு கேக்கறாங்க. எனக்கு ஒருத்தரும் தெரியல." தோம்னிகா திரும்பிப் பார்க்கவே மாட்டாள். பக்கத்து வீட்டுக்காரன் என்று சொல்லு என்பாள். பக்கத்து வீட்டில் ஆம்பளையே கிடையாது. கேட்கிறவர்கள் எவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள், ஒரு பாஷை பேசாதவர்கள், பொமானா என்றால் என்னவென்றே தெரியாதவர்கள். ஊர்க்காரர்கள் கண்ணில் படாதது வழிப்போக்கர் கண்ணில் பட்டது. அன்றிரவெல்லாம் தோம்னிகா தூங்க மாட்டாள்.

இந்த செப்டம்பர் கடைசியில் வந்த வேனில் ஒன்பது பேர். அதில் கிர்ஸ்தன் என்று ஒரு டென்மார்க் அம்மாள், பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆள் நல்ல உயரம். வந்ததிலிருந்து மற்றவர்கள் தட்டைப் பார்த்து, நீ ஏன் சாப்பிடவில்லை, உனக்குப் போதுமா என்று விசாரித்துக்கொண்டே இருந்தாள். நர்ஸ் வேலை விட்டாலும் அது அவளை விடவில்லை. சாறு முடிந்து முட்டைகோஸ் சுருள் வந்தபோது, அவள் வெளிக்கதவுப் பக்கம் பார்த்தபடி ரெமுஸிடம் கேட்டாள். ரெமுஸ் சலிப்போடு அடுக்களை வாசலுக்கு வந்தான்.

"ஆரம்பிச்சிருச்சு அக்கா. வெளிய ஒருத்தர் நிக்கறாராம். ரொம்பப் பசியா இருக்கற மொகமாம்."

"யாரும் இல்லேன்னு சொல்லு."

"சொல்லிட்டேன். பசின்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்னு சொல்லுது அந்தம்மா. தன் கிண்ணத்தக் கொண்டு குடுக்கட்டுமான்னு கேக்குது."

தோம்னிகா களிப் பலகைக்கு முன்னால் நூலை இரண்டு கையிலும் இழுத்துப் பிடித்திருந்தாள். அந்தக் கிண்ணம் காசு கொடுத்து வாங்கியது. அது அந்த அம்மாளுடையது, யாருக்குக் கொடுத்தால் இவளுக்கென்ன? விற்ற சோறு எங்கேயும் போய்ச் சேராது. "அவங்க கிண்ணம், அவங்க இஷ்டம்" என்றாள். ரெமுஸ் அதைச் சொல்லிவிட்டுச் சாராயம் எடுக்க நிலவறைக்கு இறங்கினான்.

தோம்னிகா வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு களியை அறுத்தாள். கிர்ஸ்தனின் செருப்புச் சத்தம் கல்லில் போனது. டக் என்று தாழ் எழும்பியது. அவள் காது அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தது. இத்தனை வருஷமாகக் கேட்ட சத்தம், எழும்பினால் உடனே விழும். விழவில்லை. ஒரு துண்டு அறுத்தாள். இன்னொரு துண்டு அறுத்தாள். தாழ் விழவில்லை. யாரோ அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேசையில் இருந்தவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், நாய் சத்தமே போடவில்லை. களி ஆறத் தொடங்கியது. வெகுநேரம் கழித்து டொக் என்றது.

கிர்ஸ்தன் நேராக அடுக்களைக்கு வந்து கிண்ணத்தைப் பலகைமேல் வைத்தாள். வழித்துத் துடைத்த கிண்ணம். உள்ளே ஒரு பொத்தான் கிடந்தது.

மாட்டுக் கொம்புப் பொத்தான். அதில் சிவப்பு நூல் இரண்டு இழை தொங்கிக்கொண்டிருந்தது. நூல் நனைந்திருந்தது. பொத்தானைச் சுற்றிக் கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் நின்றது.

ரெமுஸ் குப்பிகளோடு மேலே வந்தான். தோம்னிகாவின் முகத்தைப் பார்த்துக் குப்பிகளைக் கீழே வைத்தான். "அந்தம்மா என்ன சொல்லுது, கேளு" என்றாள் அவள்.

"அவர் மொதல்ல கிண்ணத்தத் தொடவே இல்லியாம்க்கா. பையெல்லாம் தொழாவிப் பாத்தாராம். ஒண்ணும் இல்லேன்னு கைய விரிச்சாராம். அப்புறம் கோட்டுலேருந்து இதப் பிச்சு அந்தம்மா கையில குடுத்துட்டு, அதுக்கப்புறம்தான் கிண்ணத்த வாங்கினாராம். வேண்டாம்னு சொன்னாலும் கேக்கலியாம். குடுத்தாத்தான் சாப்பிடலாம்னு யாரோ சொல்லி வச்ச மாதிரி இருந்துச்சாம்."

தோம்னிகா பொத்தானை எடுக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"தல நரைச்சிருந்துச்சான்னு கேளு."

ரெமுஸ் கேட்டான். கிர்ஸ்தன் தலையை ஆட்டினாள்.

"இல்லியாம். கருகருன்னு முடியாம். முப்பத்தஞ்சு, முப்பத்தாறுக்கு மேல இருக்காதாம். மழையே இல்லாம கோட்டு எப்படி இவ்ளோ நனைஞ்சிருக்குன்னு கேக்குது. யாருக்கா அது?"

பந்தே கிளம்பும்போது முப்பத்தாறு. உயிரோடு இருந்தால் ஐம்பத்து மூன்று. அவனுடைய அப்பா வழியில் எல்லாருக்கும் நாற்பதிலேயே தலை வெளுத்துவிடும்.

அவள் வெளிக்கதவு வரை நடந்தாள். அந்தப் பக்கம் ஒரு மைல் நேர்ரோடு, இந்தப் பக்கம் அரை மைல். ஒரு ஈ காக்காய் இல்லை. மூன்று வாரமாக மழை காணாத புழுதியில், கதவுக்கு வெளியே, இரண்டு பாத அளவுக்கு ஈரம். பக்கத்தில் நாய் முகவாயைத் தரையில் பதித்துப் படுத்திருந்தது. போன தடமும் இல்லை, வந்த தடமும் இல்லை, நின்ற தடம் மட்டும்தான்.

இத்தனை வருஷம் உன்னைச் சாகவிடாமல் பிடித்துவைத்திருக்கிறேன் என்று நினைத்தேனே, பாவி, உன்னைப் பட்டினியல்லவா போட்டிருக்கிறேன்! உள்ளே வர உன்னிடம் ஒரு தீக்குச்சிகூட இல்லாமல் பதினேழு வருஷம் நின்றாயா? சோறு கொதிக்கிற வாசனையை மோந்துகொண்டு, உன் வீட்டு வாசலில், நான் வைத்த சட்டத்துக்குப் பயந்துகொண்டு? கடைசியில் அந்தப் பொத்தானையும் பிய்த்துக் கொடுத்துவிட்டாயே. அதைக் கொடுத்ததால்தானே அந்தக் கிண்ணமும் உனக்குச் சேராமல் போனது.

அழுகை வரவில்லை. அதற்கு நேரமும் இல்லை. அவள் திரும்பி வேகவேகமாக வந்தாள்.

"தம்பி, இந்தா, இவங்க குடுத்த காச எல்லார்கிட்டயும் திருப்பிக் குடு. இன்னிக்கி இந்த வீட்டுல காசு கிடையாது."

ரெமுஸ் வாயைப் பிளந்தான். "அக்கா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா? தண்ணிக்கே தீக்குச்சி வாங்குற ஆளு நீங்க!"

"குடுடா. ஒருத்தரோட காசுகூட எங்கிட்டத் தங்கக் கூடாது. ஏதாவது பரிசு கிரிசு வச்சுட்டுப் போகவும் கூடாதுன்னு சொல்லு."

பிறகு வேலிக்குப் போய், பதினேழு வருஷமாக அவள் வாய் சொல்லாததை ஊர் கேட்கக் கத்தினாள். "வெட்டா! ஏ வெட்டா! வா இங்க. ஒங்கண்ணனுக்குச் சோறு போடறேன்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. வெட்டா கை நிறைய மாவோடு, செருப்புக்கூட இல்லாமல் ஓடி வந்து, வேலிச் சந்தில் நுழைந்து, அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் தொட்டுக்கொள்ளக்கூட இல்லை. வெட்டா நேராகப் போய் மெழுகுவர்த்திகளை எடுத்து வந்தாள்.

புதிதாகப் பத்துக் கிண்ணம் வைத்தார்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு ரொட்டி, அதில் குத்திய ஒரு மெழுகுவர்த்தி. வெயிலில் சுடர் கண்ணுக்கே தெரியவில்லை. மேலே நடுங்குகிற காற்றை வைத்துத்தான் எரிகிறது என்று தெரிந்தது. வழிப்போக்கர்கள் கேமராவைத் தூக்கினார்கள், ரெமுஸ் கையமர்த்தினான். அவனும் அந்தக் குன்றுகளில் பிறந்தவன்தான், அவனுக்கு இப்போது புரிந்துவிட்டது. வாங்கும்போது சொல்ல வேண்டிய வார்த்தையை அவர்களுக்கு மெதுவாகச் சொல்லிக்கொடுத்தான்.

தோம்னிகா முதல் கிண்ணத்தை வெட்டாவிடம் நீட்டினாள். "பந்தேலிமோனுக்குச் சேரட்டும்" என்றாள். செத்தவர்கள் பேரைச் சொல்லும் அந்தத் தொனியில் அவன் பேரை அவள் வாய் சொன்னது அதுதான் முதல் தடவை. வெட்டா "போக்தாப்ரோஸ்தே" என்று சொல்லப் போய், பாதியில் உடைந்து, மறுபடி முழுதாகச் சொன்னாள். முழுதாகச் சொல்லாவிட்டால் போகாது.

பிறகு ஒன்பது பேர். ஒவ்வொருவருக்கும் கையில் கொடுத்து, ஒவ்வொரு முறையும் பேரைச் சொன்னாள். அவர்கள் ஒன்பது விதமாக அந்த வார்த்தையைக் கடித்துத் துப்பினார்கள், தப்பாய்ச் சொல்லி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். இந்த ஊரின் உபசாரமே தனி என்று அவர்களுக்கு ஒரே சந்தோஷம். சிரிக்கட்டும். அவளுக்கு வேண்டியது வாய்தான், ஒன்பது வாய். இவ்வளவு வருஷப் பசிக்கு ஒரு வாய் எந்த மூலைக்கு? கிர்ஸ்தன் மட்டும் சிரிக்கவில்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கி, கடைசிப் பருக்கைவரை தின்றாள். தோம்னிகாவே சாராயக் குப்பியை எடுத்து, முதல் சொட்டை அல்ல, ஒரு குப்பி முழுக்கத் தன் மண்ணில் ஊற்றினாள்.

எல்லாரும் சாப்பிடும்போது தாழ் எழும்பியது. டக். இம்முறை மேசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். வெளிக்கதவு தானாக, கீலில் எண்ணெய் விட்ட மாதிரி, சத்தமில்லாமல் உள்பக்கமாகத் திறந்தது. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடத் தானாகத் திறக்காத கதவு. நாய் எழுந்து, யாருக்கோ வழிவிட்டு ஒதுங்கி, பிறகு பிளம் மரத்தடிவரை கூடவே நடந்து வந்து, மேசையின் கோடியில் காலியாக இருந்த முக்காலியின் கீழே படுத்துக்கொண்டது. அந்தக் கோடியில் இருந்த மெழுகுவர்த்தி ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் நாய் தலையைத் தூக்கி, இங்கும் அங்கும் தேடியது. பின் தன் பாட்டுக்கு ஒரு ஈயைத் துரத்திக்கொண்டு போனது.

வேன் கிளம்பிப் போன பிறகு, வெட்டா மேசையைத் துடைத்துக்கொண்டிருக்க, தோம்னிகா தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அந்த முக்காலியில் உட்கார்ந்தாள். காலையில் வழக்கம்போல மூன்று கைப்பிடி உப்பைத் தன் பங்கில் போட்டிருந்தாள். ஒரு கரண்டி வாயில் வைத்தாள்.

உப்பு கரித்தது. தொண்டைவரை, கண்ணில் தண்ணீர் முட்டும்படி கரித்தது.

வெட்டா ஓடி வந்து கூஜாவை நீட்டினாள். தோம்னிகா வாங்கவில்லை. வாயில் இருந்ததை மெல்ல விழுங்கினாள். அடுத்த கரண்டி எடுத்தாள், அதையும் விழுங்கினாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமலே, திறந்து கிடந்த வெளிக்கதவைப் பார்த்துச் சொன்னாள்.

"இன்னிக்கி உப்பு கூடிப்போச்சு, பந்தே."

கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பதிலுக்கு அவளைக் கேலி செய்ய அங்கே யாரும் இல்லை.